பழைய காருக்குப் பெரிய அலாய் சக்கரம்: எந்த அளவோடு நிறுத்துவது?

இந்தியச் சாலைகளில் பத்தாண்டுகளைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கும் சிறிய கார்களில் பல, விற்பனைக்கு வந்த நாளிலேயே இருவகைச் சக்கரங்களோடு வந்தவை: விலை குறைந்த வகைகளுக்கு உருக்குத் தகட்டை அழுத்தி உருவாக்கிய சக்கரமும் அதை மறைக்கும் பிளாஸ்டிக் வீல் கேப்பும், விலை கூடிய வகைக்கு அதைவிட ஓர் அங்குலம் பெரிய அலாய் சக்கரமும் பொருத்தப்பட்டன. முதல் வகையை வாங்கிய ஒருவர், வண்டிக்கடன் அடைந்து கார் முழுமையாகத் தமதான பிறகு, இரண்டாம் வகையின் தோற்றத்தையோ அதையும் மிஞ்சிய ஒன்றையோ விரும்புவது இயல்பானது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டின் உதிரி அலங்காரக் கடைகளும், பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக் கடைகளும் இந்த விருப்பத்தை நன்கு அறிந்தவை. இருக்கை உறை, ஒலிபெருக்கி, விளக்கு ஆகிய மற்ற அலங்காரங்களுக்கும் சக்கரத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வண்டியின் முழு எடையையும், பிரேக்கின் முழு விசையையும், திருப்பத்தின் முழுப் பக்கவிசையையும் தாங்கிச் சாலையோடு சேர்ப்பது சக்கரம். ஆகவே அதை மாற்றும் முடிவு, வெளியே தெரியாத வேறு பல உறுப்புகளைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது.

பேச்சு வழக்கில் 'வீல்', 'டயர்', 'ரிம்' என்ற சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கினாலும், இங்கே அவற்றைப் பிரித்தறிவது அவசியமாகிறது. டயர் அமரும் வட்ட விளிம்பு ரிம். அந்த விளிம்பை அச்சின் முனையிலுள்ள ஹப்போடு இணைக்கும் தட்டும் அல்லது ஆரக்கால்களும் சேர்ந்ததே சக்கரம். அதன்மேல் ஏற்றப்படும் ரப்பர் உறுப்பு டயர். அலாய் என்பது உலோகக் கலவை: கார் சக்கரங்களில் அது பெரும்பாலும் அலுமினியத்தோடு சுமார் 7 விழுக்காடு சிலிக்கனும், அரை விழுக்காட்டுக்கும் குறைவான மக்னீசியமும் கலந்து, அச்சில் வார்த்து, பின்னர் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, நீரில் குளிர்வித்து, மறுபடி மிதமான வெப்பத்தில் வைத்து வலுவேற்றப்பட்ட பொருளாகும். வார்ப்பு அலுமினியச் சக்கரம் பந்தயக் கார்களில் புகழ்பெற்றது 1924இல், புகாட்டி நிறுவனத்தின் டைப் 35 என்னும் காரோடுதான். அங்கே நோக்கம் எடைக் குறைப்பும் பிரேக்கின் வெப்பத்தை விரைந்து வெளியேற்றுவதும் ஆகும். அழகு உடன் வந்த பயன்.

அலாய் சக்கரம் என்றாலே எடை குறைவு என்ற நம்பிக்கை அந்த மரபிலிருந்து வந்தது. அது பாதியளவே உண்மை. உருக்கின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்றாலும், வளையாமல் நிற்கும் விறைப்பும் உருக்குக்கு மூன்று மடங்கு இருப்பதால், அதே உறுதியைப் பெற அலுமினியத்தைத் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. கார் நிறுவனமே தரும் அலாய் சக்கரம், அதே அளவுள்ள உருக்குச் சக்கரத்தைவிடச் சற்றே இலேசாக அமையலாம். ஆனால் உலோகம் தன் எடையாலேயே அச்சுக்குள் இறங்கும் எளிய வார்ப்பு முறையில் மலிவாகச் செய்யப்பட்டு, ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ பெரிதாகவும் இருக்கும் சக்கரம், அகற்றப்பட்ட உருக்குச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பது அரிதன்று. சென்னை பாடியில் 1960களிலிருந்து வீல்ஸ் இந்தியா தயாரித்துவரும் உருக்குச் சக்கரங்களைப் போன்றவை, தோற்றத்தில் எளியவை எனினும், பள்ளத்தில் அடிபட்டு நெளிந்தால் தட்டி நிமிர்த்தக்கூடியவை. கார் உரிமையாளர்கள் பலர் அறியாமலேயே கைவிடும் நற்பண்பு இது. இலேசாகும் என்று எண்ணி அலாய் வாங்குபவர், கடையிலேயே இரண்டு சக்கரங்களையும் எடை இயந்திரத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்பதே நல்லது.

அளவுகளைப் பற்றிய விவாதம் ஒரு குறிப்பிட்ட காரை முன்வைத்தால்தான் தெளிவாகும். மாருதி சுசூகியின் ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு 2005இல் வந்தது. அதன் இரண்டாம் தலைமுறை 2011 முதல் 2018இன் தொடக்கம் வரை விற்பனையாகி, இன்று தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் காணக்கூடிய பழைய காராக இருக்கிறது. அதன் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ வகைகள் 165/80 ஆர்14 டயரோடும், இசட்எக்ஸ்ஐ வகை 185/65 ஆர்15 டயரோடும் வந்தன. இக்குறியீட்டில் முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாம் எண் அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 'ஆர்' என்பது டயரின் உள்நார்கள் ஆரத்திசையில் செல்வதைக் குறிக்கும் ரேடியல் கட்டமைப்பு. கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதைக்கொண்டு கணக்கிட்டால், 165/80 ஆர்14 டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டரும் முழு விட்டம் சுமார் 620 மில்லிமீட்டரும் ஆகும். 185/65 ஆர்15 டயருக்குப் பக்கச்சுவர் 120, முழு விட்டம் 621.5. இரண்டு விட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு அரை விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

இந்த நெருக்கம் தற்செயலாக அமைந்ததன்று. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து முழு விட்டத்தை மாறாமல் காப்பதே சக்கரப் பெருக்கத்தின் முதல் விதி. ஏனெனில் வேகமானி சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. முழு விட்டம் 3 விழுக்காடு கூடினால், முள் 80இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 82க்கு மேல் ஓடும். கிலோமீட்டர் கணக்கும் அவ்வாறே குறைத்துக் காட்டும். கியர் விகிதங்கள் அனைத்தும் சற்றே நீண்டு, மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறும். சக்கரச் சுழற்சியை அளந்து பிரேக் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புள்ள கார்களில், நான்கு சக்கரங்களும் ஒரே விட்டத்தில் இருப்பது இன்னும் கட்டாயமாகிறது. முழு விட்டத்தைக் காப்பது மட்டும் போதும் என்றால், அதே ஸ்விஃப்ட்டுக்கு 195/55 ஆர்16 டயரும் (விட்டம் 621), 205/45 ஆர்17 டயரும் (விட்டம் 616) கணக்கில் பொருந்திவிடும். பல கடைகளில் விவாதம் இந்த இடத்திலேயே முடிந்தும் விடுகிறது. பொருந்தாதது பக்கச்சுவர்: 132 மில்லிமீட்டராக இருந்தது 16 அங்குலத்தில் 107 ஆகவும், 17 அங்குலத்தில் 92 ஆகவும் குறைகிறது.

பக்கச்சுவர் என்பது காற்றை அடைத்துவைத்த ஒரு வில். காரின் தொங்கமைப்பு, அதாவது ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் அவற்றைத் தாங்கும் கைகளும் சேர்ந்த அமைப்பு, ஒரு மோதலை உணர்ந்து அசைவதற்கு முன்பே, கூர்மையான முதல் அடியை வாங்கிக்கொள்வது டயரின் பக்கச்சுவர்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், அரை மீட்டர் நீளமுள்ள பள்ளத்தைக் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு. அந்தக் கண நேரத்தில் பள்ளத்தின் எதிர்விளிம்பு டயரை ரிம்மோடு நசுக்குமா நசுக்காதா என்பதைப் பக்கச்சுவரின் உயரமும் அதிலுள்ள காற்றழுத்தமுமே தீர்மானிக்கின்றன. நசுங்கினால் இரண்டில் ஒன்று நேரும்: டயரின் உள்நார் அறுந்து பக்கவாட்டில் முட்டை போல் வீக்கம் புறப்படும், அல்லது ரிம் விளிம்பு வளைந்தோ வெடித்தோ போகும். வீக்கம் கண்ட டயருக்கு ஒட்டு இல்லை. அதை உடனே கழற்றி எறிய வேண்டும்.

சாலைகள் தரநூல்படி அமைந்திருந்தால் இந்தக் கவலை இவ்வளவு இராது. இந்தியச் சாலைகள் காங்கிரசின் வழிகாட்டி, வேகத்தடை ஒன்று 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக, 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அத்தகைய தடையை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். குடியிருப்புகளில் ஊரார் தாமே சிமெண்டால் எழுப்பிய குறுகிய திட்டுகளும், குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட வெட்டுகளும், மழைநீர் வடிகால் மூடிகளின் இரும்பு விளிம்புகளும் அந்த வழிகாட்டியைப் படித்து அமைக்கப்பட்டவை அல்ல. வடகிழக்குப் பருவமழையில் பள்ளம் முழுவதும் நீர் நிறைந்து சாலையின் மட்டத்தோடு ஒன்றாகத் தெரியும் மாலை வேளைகளில், 12 மில்லிமீட்டர் பக்கச்சுவரை இழந்த கார் தாங்கிக்கொள்ளும். 40 மில்லிமீட்டரை இழந்த கார் அதே பள்ளத்தில் ஒரு டயரையும் ஒரு ரிம்மையும் சேர்த்து இழக்கக்கூடும்.

எடையைப் பற்றியும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. சுருள்வில்லுக்கு மேலே உள்ள வண்டியின் உடலையும் இருக்கைகளையும் பயணிகளையும் வில் சுமக்கிறது. சக்கரம், டயர், ஹப், பிரேக் ஆகியவற்றை எந்த வில்லும் சுமப்பதில்லை. வில்லால் சுமக்கப்படாத இந்த எடை கூடக்கூட, மேடுபள்ளத்தைத் தொடர்ந்து சாலையோடு ஒட்டியே ஓடும் திறனைச் சக்கரம் இழக்கிறது. ஷாக் அப்சார்பர் அதைக் கட்டுப்படுத்தக் கூடுதலாக உழைக்கிறது. சக்கரம் முன்னோக்கி நகர்வதோடு தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவும் வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும்போதும் நிறுத்தும்போதும் அதன் எடை இரட்டைப் பங்கு வகிக்கிறது: ஸ்விஃப்ட்டின் விட்டத்தில், 15 அங்குல ரிம்மின் விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வண்டியின் உடலில் ஏறத்தாழ 1.4 கிலோ கூடியதற்குச் சமம். டயரின் மேற்பரப்பில் கூடும் ஒரு கிலோ கிட்டத்தட்ட 2 கிலோவுக்குச் சமம். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு, ஆயிரம் கிலோவை ஒட்டிய எடையுள்ள ஒரு காரில், நான்கு சக்கரத்திலும் சேர்த்துப் பத்துக் கிலோ கூடினால், கிளம்பும்போது காலடியில் உணரும் சோர்வும், நகர நெரிசலில் எரிபொருள் செலவும், பிரேக்கின் மீதான சுமையும் சிறிது சிறிதாக ஏறும். பெரிய சக்கரத்தோடு பெரிய பிரேக் வந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்பக்கத்துத் துருவேறிய பிரேக் டிரம் ஆரக்கால்களின் இடைவெளியில் முதன்முறையாக வெளியே தெரியத் தொடங்கும், அவ்வளவே.

சக்கரம் ஹப்பில் எப்படி அமர்கிறது என்பதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. நட்டுகள் அமையும் துளைகளின் மையங்கள் வழியாக வரையப்படும் வட்டத்தின் விட்டத்தைக் கடைக்காரர்கள் பி.சி.டி. என்று குறிப்பிடுவர். ஸ்விஃப்ட்டுக்கு அது நான்கு துளைகளும் 100 மில்லிமீட்டரும். முதல் தலைமுறை இன்னோவாவுக்கு ஐந்து துளைகளும் 114.3 மில்லிமீட்டரும். ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளுக்குப் பொதுவாகத் துளையிட்ட சக்கரங்களும், நெருக்கமான அளவில் இழுத்துப் பூட்டிவிடலாம் என்ற யோசனைகளும் சந்தையில் உண்டு. அந்த யோசனையைச் சொல்லும் கடையைவிட்டு வெளியேறிவிடுவதே பாதுகாப்பு. சக்கரத்தின் நடுத்துளை அடுத்த அளவை. மாருதியின் இவ்வகைக் கார்களின் ஹப் 54.1 மில்லிமீட்டர் விட்டமுடையது. பல கார்களுக்கும் பொருந்தும்படி வெளிச்சந்தையில் விற்கும் அலாய் சக்கரங்களின் நடுத்துளையோ அதைவிடப் பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் பூட்டினால், சக்கரம் நடுவில் அமராமல் இம்மி விலகி நிற்க, 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஐந்நூறு முறைக்கு மேல் சுழலும் அந்த விலகல் ஸ்டியரிங்கில் நடுக்கமாக வந்து சேரும். எத்தனை முறை வீல் பேலன்சிங் செய்தாலும் அது போகாது. நட்டின் அடிப்பகுதி கூம்பா உருளையா என்பதும், அதன் புரி காரின் போல்ட்டோடு ஒத்துப்போகிறதா என்பதும் இதே அளவு முக்கியமானவை.

ஆஃப்செட் எனப்படும் அளவைத்தான் பலரும் கேட்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பைத் தொடும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக உள்ளதோ அது ஆஃப்செட். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வண்டியைவிட்டு வெளியே தள்ளி நிற்கும். 5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் 38 ஆஃப்செட்டும் உள்ள ஒன்றைப் பூட்டினால், வெளிவிளிம்பு 32 மில்லிமீட்டர் வெளியே வரும், உள்விளிம்பு 18 மில்லிமீட்டர் உள்ளே போகும். வெளியே வந்த பகுதி, பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து வண்டி தாழும்போது ஃபெண்டரின் உள்மடிப்பை உரசும். உள்ளே போன பகுதி ஷாக் அப்சார்பரையோ, ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பும்போது உள் மட்கார்டையோ தொடும். சக்கரத்தின் நடுக்கோடு வெளியே நகர்ந்ததால் வீல் பேரிங்கின் மீது நெம்புகோல் போலச் சுமை கூடுவதும், பள்ளத்தில் ஸ்டியரிங் கையை இழுப்பதும் பல மாதங்கள் கழித்தே வெளிப்படுபவை. அப்போது அவற்றைச் சக்கரத்தோடு இணைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இதுவரை சொன்னவை புதிய காருக்கும் பொருந்தும். பழைய காரில் இவற்றோடு முதுமையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன்சக்கரத்தை ஒரு லோயர் ஆர்ம் அடியிலிருந்து பிடித்துக்கொள்ள, மேலே ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட் அதை உடலோடு இணைக்கிறது. பின்சக்கரங்கள் முறுக்கிக்கொடுக்கும் ஒரே உருக்குத் தண்டின் இரு முனைகளில் நிற்கின்றன. உலோகமும் உலோகமும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் புஷ் ஒன்றோ, கிண்ணத்துக்குள் உருளும் பால் ஜாயின்ட் ஒன்றோ இருக்கிறது. ரப்பர், ஓடிய தொலைவால் தேய்வதோடு, வெப்பத்தாலும் காற்றாலும் எண்ணெய்க் கசிவாலும் ஆண்டுக்காண்டு இறுகி வெடிக்கிறது. வீட்டு வாசலில் வெயிலில் நின்றே கிழமானவை அதிகம். பத்தாண்டு கண்ட புஷ், மென்மையான உயர்ந்த பக்கச்சுவருக்குப் பின்னால் தன் தளர்வை மறைத்துக்கொண்டு காலத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். பக்கச்சுவரைக் குறைத்து விறைப்பான டயரைப் பூட்டிய மறுவாரமே, இதுவரை கேட்காத 'கடகட' ஒலி முன்பக்கத்திலிருந்து எழும். உரிமையாளர் புதிய சக்கரத்தைக் குறைகூறுவார். உண்மையில் அது பழைய நோயை வெளிக்காட்டியிருக்கிறது. ஆயினும் நோயை வெளிக்காட்டிய அதே சக்கரம் அதை விரைவுபடுத்தவும் செய்யும் என்பதால், இரண்டு தரப்பும் உண்மைதான்.

ஆகவே பழைய காரின் உரிமையாளர் சக்கரக் கடைக்குப் போகும் முன் செய்யவேண்டியது, நம்பகமான மெக்கானிக்கிடம் வண்டியை லிப்டில் ஏற்றி, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டைராட் எண்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், வீல் பேரிங், பின்தண்டின் புஷ் ஆகியவற்றைக் கையால் அசைத்தும் நெம்பியும் பார்க்கச் சொல்வது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று நோக்குவது. இவற்றில் தேறாததை மாற்றும் செலவு, பெரும்பாலும் நான்கு அலாய் சக்கரங்களின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அது தரும் பலனோ பன்மடங்கு. புதிய ஷாக் அப்சார்பரும் புதிய புஷ்களும், பழைய 14 அங்குல ரிம்மில் புதிய டயர்களும் பெற்ற கார், திருப்பத்தில் சாயாமலும் பிரேக்கில் இழுக்காமலும் நெடுஞ்சாலையில் அலையாமலும் ஓடுவதை உணர்ந்த பிறகு, அவர் சக்கரம் மாற்றும் எண்ணத்தையே கைவிட்டாலும் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஏனெனில் அலாய் சக்கரத்திலிருந்து அவர் எதிர்பார்த்த அந்த உறுதி, பெரும்பகுதியும் ரப்பரிலிருந்துதான் கிடைக்கிறது.

பெரிய ரிம்மோடு வரும் அகலமான டயருக்கு நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 165இலிருந்து 185க்குப் போகும்போது, உலர்ந்த சாலையில் திருப்பத்தின் பிடிப்பு கூடுகிறது. பக்கச்சுவர் குறைவதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி தயங்காமல் திரும்புகிறது. மழைநீரில் நிலைமை மாறும்: அகலமான டயர் தன் முன்னால் கூடுதல் நீரை விலக்க வேண்டியிருப்பதால், டயரின் மேற்பரப்புப் பள்ளங்கள் தேய்ந்த நிலையில் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் முன்னதாகவே வந்துவிடுகிறது. டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். பருவமழைக்குச் செல்லும் அகலமான டயருக்கு அந்த எல்லைவரை காத்திருப்பது பிழை.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து வரும் எண்ணும் எழுத்தும் சுமையையும் வேகத்தையும் குறிக்கின்றன. 85 என்ற சுமைக்குறி ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதையும், 'டி' என்ற எழுத்து 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் சொல்கிறது. 185/65 ஆர்15 பொதுவாக 88 என்ற குறியோடு, அதாவது 560 கிலோ தாங்கும் திறனோடு வருகிறது. 205/45 ஆர்17இன் சாதாரண வகையின் குறி 84, அது 500 கிலோ. தோற்றத்தில் பெரியதும் அகலமானதுமான டயர், தான் நீக்கிய ஒல்லியான டயரைவிடக் குறைவான சுமையைத் தாங்குகிறது என்பது பலருக்கும் நம்பமுடியாத உண்மை. சுமையைத் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்று, பக்கச்சுவர் தாழ்ந்தால் அந்தக் காற்றுக்கான இடம் குறைந்துவிடுகிறது. குடும்பத்தோடும் மூட்டைகளோடும் ஊருக்குப் போகும் காருக்கு, தயாரிப்பாளர் தந்த குறிக்குக் கீழே இறங்கிய டயர் தகாது. டயர் தயாரான வாரமும் ஆண்டும் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களாக அச்சிடப்பட்டிருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். சக்கரத்தோடு சேர்த்துத் தள்ளுபடியில் தரப்படும் டயர்களில் இந்த எண்ணைப் படித்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

சக்கரத்தின் தரத்தை வெறும் கண்ணால் அறிய முடியாது. சோதனைக்கூடங்களில் சக்கரத்தை வளைவிசையோடு இலட்சக்கணக்கான முறை சுழற்றியும், சுழலும் உருளையின்மேல் சுமையோடு ஓட்டியும், 13 டிகிரி சாய்த்துவைத்து அதன் விளிம்பில் எடையை விழவிட்டும் பார்க்கிறார்கள். ஜப்பானிய வரையறையின்படி தேறியவற்றின் மீது ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற குறிகள் வார்க்கப்பட்டிருக்கும். இந்தியாவில் பயணிகள் கார் சக்கரங்களுக்கான தரநிலை ஐ.எஸ். 9436 என்ற எண்ணுடையது, மத்திய அரசு 2020இல் பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணை சக்கர ரிம்களை ஐ.எஸ்.ஐ. முத்திரையின் வரம்புக்குள் கொண்டுவந்தது. சக்கரத்தின் உட்புறத்தில் அதன் அகலம், ஆஃப்செட், தாங்கும் சுமை ஆகியவையும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எதுவும் பொறிக்கப்படாத பளபளப்பான வார்ப்பு, எவ்வளவு மலிவானாலும், ஓடும் வண்டியில் மனிதர்களைச் சுமக்கத் தகுதியற்றது. விபத்தில் சிக்கிய கார்களிலிருந்தும், வேறு சக்கரத்துக்கு மாறியவர்களிடமிருந்தும் வரும் பழைய ஒரிஜினல் அலாய் சக்கரங்கள், நன்றாகச் சோதித்து வாங்கினால், புதிய மலிவுச் சக்கரங்களைவிட மேலானவை. சோதனை என்பது அவற்றை பேலன்சிங் இயந்திரத்தில் டயர் இல்லாமல் சுழலவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பார்ப்பதும், ஆரக்காலின் பின்புறத்தில் மயிரிழை வெடிப்போ பற்றவைத்த தழும்போ உண்டா என்று தேடுவதும் ஆகும். வெடித்த அலாயைப் பற்றவைத்தால், வெப்பத்தால் ஏற்றிய அதன் வலு அந்த இடத்தில் தளர்ந்துபோகிறது, புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும்.

சட்டத்தைப் பற்றிய தயக்கம் நியாயமானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது; கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது; அதே ஆண்டின் திருத்தம், விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. அதே மாடலின் உயர்வகைக்குத் தயாரிப்பாளர் தந்த சக்கரத்தைப் பூட்டியவர், கேள்வி எழும்போது காட்டுவதற்குத் தயாரிப்பாளரின் கையேட்டையே ஆதாரமாகக் கொண்டிருக்கிறார். ஃபெண்டரைத் தாண்டி நீண்ட 17 அங்குலச் சக்கரத்தைப் பூட்டியவருக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும், அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2011இல் பதிவான ஸ்விஃப்ட் 2026இல் அந்த வாசலில் நிற்கும். காப்பீட்டில், பின்னால் பூட்டிய அலாய் சக்கரத்தைத் துணைப்பொருளாக அறிவித்து மதிப்பில் சேர்க்காவிட்டால் அது திருடுபோனாலும் இழப்பீடு கோர முடியாது. வழக்கமான பாலிசி, வண்டிக்கும் சேர்த்துச் சேதம் நேர்ந்தாலன்றி, டயருக்கு மட்டும் நேர்ந்த சேதத்தை ஏற்பதுமில்லை.

இவ்வளவையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால், எல்எக்ஸ்ஐ அல்லது விஎக்ஸ்ஐ வகை ஸ்விஃப்ட்டின் உரிமையாளருக்கான எல்லை 15 அங்குலமும் 185/65 டயரும்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த அளவைத் தயாரிப்பாளர் இதே உடலில், இதே தொங்கமைப்பில், இதே ஸ்டியரிங்கோடு ஓட்டிச் சோதித்து விற்றிருக்கிறார். எந்தக் கடைக்காரரின் அனுபவமும் அந்தச் சோதனைக்கு ஈடாகாது. வேறு கார்களுக்கும் இதே வழி பொருந்தும்: அந்த மாடலின், அந்தத் தலைமுறையின் உயர்வகை எந்த அளவோடு வந்தது என்று அறிந்து, அந்த அளவோடு நின்றுகொள்வது. உயர்வகைக்கும் பெரிய சக்கரம் தரப்படாத பழைய சிறு கார்களில், 12 அல்லது 13 அங்குல ரிம்மை அப்படியே விட்டு, அதே அளவில் நல்ல டயர் போடுவதற்கு மேல் எதுவும் செய்யாதிருப்பதே அந்தக் காருக்குச் செய்யும் நன்மை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணமுள்ளவர்கள், வாங்குபவர் அலாய்க்காகக் கூட்டித் தரும் தொகை அதன் விலையை ஒருபோதும் எட்டாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானபின் கவனிக்க வேண்டியவை சிலவே. ஹப்பின் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து அகற்றாமல் அலாயைப் பூட்டினால் அது நேராக அமராது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றில், உருக்கைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு, ஸ்டெப்னி மாற்றும் நேரத்தில் கழற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு. நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி விட்டுவிடாமல், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முடுக்கி, ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்; வீல் அலைன்மென்ட்டும் அப்போதே செய்யப்பட வேண்டும். காற்றழுத்தத்துக்கு, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய அட்டவணையில் 15 அங்குல டயருக்குக் குறித்திருப்பதைப் பின்பற்ற வேண்டும். ஸ்டெப்னியாகப் பழைய 14 அங்குல உருக்குச் சக்கரமே இருக்கலாம், முழு விட்டம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பஞ்சர் கடை வரை அது குறையின்றிக் கொண்டுசேர்க்கும். ஆனால் அலாய்க்கென வாங்கிய நட்டு அந்த உருக்குச் சக்கரத்திலும் சரியாக அமர்கிறதா என்பதை வீட்டிலேயே ஒருமுறை பூட்டிப் பார்த்துவிட வேண்டும், அமராவிட்டால் பழைய நட்டுகள் நான்கை ஜாக்கியோடு சேர்த்து டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும்.